சிங்கப்பூர் 2008: எஃப்ஐஏ தலைவருக்கும் உலக மன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

உலக மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பின் தலைவர் திரு. முகமது பென் சுலாயெம் அவர்களுக்கும், உலக மோட்டார் விளையாட்டு மன்றத்தின் உறுப்பினர்களுக்கும்,

2008 செப்டம்பர் 28ஆம் தேதி இரவு, சிங்கப்பூர் மரினா பே சாலைகளில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில், அணித்தோழரை வெல்ல வைப்பதற்காக ஒரு கார் வேண்டுமென்றே சுவரில் மோதப்பட்டது. இது ரசிகர்களின் ஊகம் அல்ல. 2009 செப்டம்பர் 21 அன்று பாரிசில் கூடிய உங்கள் மன்றமே விசாரித்துச் சொன்ன முடிவு. சம்பந்தப்பட்ட ரெனோ அணியும் அதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பந்தயத்தின் முடிவு உங்கள் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது: முதலிடம் ஃபெர்னாண்டோ அலோன்சோ, பத்துப் புள்ளி; இரண்டாமிடம் நிக்கோ ராஸ்பர்க், எட்டு; மூன்றாமிடம் லூயிஸ் ஹாமில்டன், ஆறு; பதின்மூன்றாம் இடம் ஃபிலிப்பே மாஸா, ஒன்றுமில்லை. அந்த ஆண்டின் உலகப் பட்டம் ஹாமில்டனுக்கு 98, மாஸாவுக்கு 97 என்று ஒரே ஒரு புள்ளியில் தீர்ந்தது. மோசடி என்று நிரூபணமான ஒரு பந்தயத்தின் புள்ளிகளும் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன.

2025 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் மாஸா தொடுத்த வழக்கில் இடைக்கட்டத் தீர்ப்பு ஒன்றை வழங்கியது. உண்மையை மறைக்கச் சதி நடந்தது என்ற அவருடைய குற்றச்சாட்டு முழு விசாரணைக்குப் போகலாம் என்றது. 2008 பட்டம் அவருக்குரியது என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. அந்த விசாரணையில் உங்கள் தரப்பு என்ன வாதிட்டது என்பதைச் செய்திகளில் படித்தேன். வழக்குக் காலம் கடந்தது, மாஸா பட்டத்தை இழந்ததற்கு அவருடைய சொந்தத் தவறுகளும் காரணம் என்பது வாதத்தின் சாரம். அதைப் படித்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. இழப்பீடு யார் யாருக்கு எவ்வளவு தருவது என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். பதிவேட்டை நீதிமன்றம் தொடாது என்று தெரிந்துவிட்டது. தொடக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான். அதனால் இந்த மடல் உங்களுக்கு.

நான் சிங்கப்பூர்க்காரன். அந்த இரவு பே கிராண்ட்ஸ்டாண்ட் பார்வையாளர் அரங்கில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பந்தயம் இந்த ஊருக்கு என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1973இல் பழைய தாம்சன் ரோடு பந்தயம் நின்றுபோனது. என் அப்பா தலைமுறையினர் அப்பர் தாம்சன் ரோட்டு மரத்தடியில் நின்று பந்தயம் பார்த்த கதைகளைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். 35 ஆண்டுகளுக்குப் பிறகு பந்தயம் திரும்பி வந்தது, அதுவும் ஃபார்முலா 1 வரலாற்றின் முதல் இரவுப் பந்தயமாக. அன்றாடம் பேருந்தில் போகும் ராஃபிள்ஸ் அவென்யூவும் நிக்கல் நெடுஞ்சாலையும் பகல் போல வெளிச்சத்தில் கிடந்தன. சிங்கப்பூர் ராட்டினம் அந்த ஆண்டுதான் ஓடத் தொடங்கியிருந்தது. மரினா பே சாண்ட்ஸ் கட்டடம் அப்போது பாரந்தூக்கிகளுக்கு நடுவே பாதியாக நின்றது. பாடாங் திடலைச் சுற்றி, பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் ஒட்டி, கார்கள் அலறிக்கொண்டு போனதை முதல்முறை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நுழைவுச்சீட்டுக்காகச் சம்பளத்தில் ஒதுக்கிய வெள்ளியை நினைத்து ஒரு கணமும் வருந்தவில்லை.

பதினான்காம் சுற்றில் எங்களுக்கு முன்னால் இருந்த பதினேழாம் வளைவில் நெல்சன் பிக்கே ஜூனியரின் ரெனோ சுவரில் மோதி நொறுங்கியது. எங்கள் வரிசையில் எல்லாரும் எழுந்து நின்றோம். சிதறிய பாகங்கள் தடத்தில் கிடந்தன. மஞ்சள் கொடி அசைந்தது. ஓட்டுநர் உயிரோடு வெளியே வருகிறாரா என்பது ஒன்றுதான் எங்கள் கவலை. அவர் நடந்து வந்ததும் கைதட்டினோம். தட நிர்வாகத் தொண்டூழியர்கள், என்னைப்போல் இந்த ஊரில் வேலைக்குப் போய் வருகிறவர்கள், அந்த வளைவில் இறங்கிக் காரை அப்புறப்படுத்தப் பாடுபட்டதைப் பார்த்தோம். அந்த இடம் ஏன் அவ்வளவு சிரமமாக இருந்தது என்பது ஓராண்டு கழித்து, பிக்கே உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் தெரிந்தது. காரை உடனே தூக்க அங்கே பாரந்தூக்கி கிடையாது. பக்கவாட்டில் தள்ளிவிட வழியும் கிடையாது. அதற்காகவே வரைபடத்தைப் பார்த்து அந்த வளைவைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்சக்கரங்கள் வழுக்கத் தொடங்கிய பிறகும் அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை என்பதைக் காரின் தரவுப்பதிவே காட்டியது.

உங்கள் 2009 தீர்ப்பு அந்தச் செயலை ஈடிணையற்ற கடுமை கொண்டது என்றது. விளையாட்டின் நேர்மையைக் கெடுத்ததோடு பார்வையாளர்கள், அதிகாரிகள், மற்ற போட்டியாளர்கள், பிக்கே ஆகியோரின் உயிருக்கும் ஆபத்து விளைவித்தது என்றது. அந்தத் தீர்ப்பில் வரும் பார்வையாளர்கள் நாங்கள். அந்த அதிகாரிகளில் எங்கள் ஊர்த் தொண்டூழியர்களும் உண்டு. எங்கள் உயிரைப் பணயம் வைத்துக் கிடைத்த வெற்றி என்று நீங்களே எழுதிவிட்டு, அந்த வெற்றி செல்லும் என்று எப்படி விட்டீர்கள்?

அன்றைய ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்பதைப் பந்தயம் பார்க்கும் எவரும் புரிந்துகொள்ளலாம். அலோன்சோ தகுதிச்சுற்றில் கார் பழுதாகிப் பதினைந்தாம் இடத்தில் நின்றார். முந்துவது கடினமான தெருத்தடத்தில், அவ்வளவு பின்னாலிருந்து கிளம்பும் காருக்குக் குறைந்த எரிபொருள் ஊற்றினார்கள். பன்னிரண்டாம் சுற்றிலேயே, எரிபொருள் ஊற்றிச் சக்கரம் மாற்றும் இடமான பிட்டுக்குள் அழைத்தார்கள். சாதாரணமாகப் பார்த்தால் அது பந்தயத்தைக் கைகழுவும் முடிவு. இரண்டே சுற்றில் அவருடைய அணித்தோழர் சுவரில் மோதினார். விபத்து நேரத்தில் எல்லாக் கார்களையும் மெதுவாக வழிநடத்தும் சேஃப்டி கார் வந்தது. அந்த ஆண்டு விதிப்படி சேஃப்டி கார் வந்ததும் பிட் பாதை மூடப்படும். கார்கள் எல்லாம் வரிசையில் சேர்ந்த பிறகுதான் திறக்கும். திறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டியதாயிற்று. ஏற்கெனவே போய்வந்த அலோன்சோவுக்கு அந்தத் தேவை இல்லை. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிட்டுக்குள் போயும் தண்டனை வாங்கியும் விலக, அவர் முதலிடத்துக்கு வந்தார். இந்தச் சதியில் அவருக்குப் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று உங்கள் மன்றம் சொன்னது. அதை நானும் ஏற்கிறேன்.

முதலிடத்தில் கிளம்பி முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஃபெராரி அணியின் மாஸாவும் அந்த நெரிசலில் பிட்டுக்குள் போனார். பின்னாலேயே அவருடைய அணித்தோழர் கிமி ரைக்கோனன் காத்து நின்றார். ஃபெராரியின் விளக்கு அவசரமாகப் பச்சை காட்டியது. எரிபொருள் குழாய் காரோடு இழுபட்டுப் போனது. பெரிய திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிட் பாதையின் கடைசியில் சிவப்புக் கார் தனியாக நின்றது. மெக்கானிக்குகள் அவ்வளவு தூரமும் ஓடிவந்து குழாயைப் பிடுங்கினார்கள். நான் ஹாமில்டன் ரசிகன். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஆனாலும் அந்தக் காட்சியில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

உங்கள் தரப்பு வழக்கறிஞர்கள் அந்தக் குழாயைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். குழாய் ஃபெராரியின் தவறு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அந்தக் கார் அங்கே இருந்ததே பதினேழாம் வளைவில் நடந்த குற்றத்தால்தான். அந்தக் குற்றம் இல்லாவிட்டால் மாஸா வென்றிருப்பார் என்று நான் சொல்லவில்லை. வேறொரு சுற்றில் இன்னொரு தவறு நடந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதால்தான் அந்த முடிவைப் புள்ளிக் கணக்கில் வைத்திருப்பது தவறு என்கிறேன். பதினான்காம் சுற்றுக்குப் பிறகு அங்கே நடந்த எதுவும் போட்டியின் விளைவு அல்ல. மாஸாவின் பூஜ்ஜியமும் அப்படித்தான், ஹாமில்டனின் ஆறும் அப்படித்தான்.

அந்த ஆறு புள்ளியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிங்கப்பூருக்கு வரும்போது ஹாமில்டனுக்கு 78, மாஸாவுக்கு 77. கிளம்பும்போது 84க்கு 77. அடுத்து ஜப்பானின் ஃபுஜியில் ஹாமில்டனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, மாஸாவுக்கு இரண்டு கிடைத்தது. ஷாங்காயில் ஹாமில்டன் வென்றார், மாஸா இரண்டாவது. ஆகவே கடைசிப் பந்தயத்துக்குப் பிரேசில் போகும்போது 94க்கு 87. ஏழு புள்ளி முன்னிலை. மாஸா வென்றாலும் ஹாமில்டனுக்கு ஐந்தாமிடத்தின் நான்கு புள்ளி போதும். நவம்பர் 2ஆம் தேதி இன்டர்லாகோஸ் மழையில் ஹாமில்டனும் அவருடைய மெக்லாரன் அணியும் ஓட்டிய பந்தயம் அந்த ஐந்தாமிடத்துக்கான பந்தயம். ஆபத்தைத் தவிர்த்து, கணக்குப் போட்டு, பொறுமையாக ஓட்டினார்கள். கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் டிமோ குளோக்கைத் தாண்டி அந்த ஐந்தாமிடத்தைப் பிடித்தார். சொந்த ஊரில் வென்று, சில நொடிகள் உலகச் சாம்பியனாக இருந்து, பிறகு அதை இழந்து மேடையில் மார்பைத் தட்டிக்கொண்டு நின்ற மாஸாவை மோட்டார் பந்தயம் பார்க்கும் எவரும் மறக்கவில்லை.

சிங்கப்பூர் முடிவை அந்த ஆண்டே நீக்கியிருந்தால் பிரேசிலுக்கு 88க்கு 87 என்று போயிருப்பார்கள். ஒரே புள்ளி வித்தியாசம். ஐந்தாமிடம் போதாது, மாஸாவை நேரடியாக எதிர்கொள்ள வேண்டியிருந்திருக்கும். நடந்த முடிவை அந்தக் கணக்கில் போட்டால் மாஸாவுக்கு 97, ஹாமில்டனுக்கு 92. ஆனால் அந்தக் கணக்கைக் காட்டி ஹாமில்டனின் பட்டத்தைப் பிடுங்குங்கள் என்று கேட்பதும் நியாயமாகாது. தேவைப்பட்டது வேறு என்று தெரிந்திருந்தால் அவர் வேறு மாதிரி ஓட்டியிருப்பார். ஃபுஜியிலும் ஷாங்காயிலும்கூட வேறு மாதிரி ஓட்டியிருக்கக்கூடும். இன்டர்லாகோஸில் என்ன இலக்கைக் கொடுத்தார்களோ அதை அவர் அடைந்தார். மாஸாவோ அங்கே ஒரு மனிதனால் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தார்: முதலிடத்தில் கிளம்பினார், வென்றார். ஒரு மோசடி இரண்டு பேருடைய போட்டியையும் கெடுத்தது. இரண்டு பேருக்கும் நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள்.

ரெனோவை மட்டும் முடிவிலிருந்து நீக்கினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போட்டுப் பாருங்கள். அலோன்சோவை எடுத்துவிட்டால் ராஸ்பர்க் முதலிடம், ஹாமில்டன் இரண்டாமிடம். ஹாமில்டனுக்கு இன்னும் இரண்டு புள்ளி கூடும். பன்னிரண்டாம் இடத்துக்கு ஏறும் மாஸாவுக்கு எதுவும் கூடாது. குற்றவாளிக்கான தண்டனை பாதிக்கப்பட்டவரையே மேலும் பின்னுக்குத் தள்ளும். இந்தப் பந்தயத்தைத் துண்டு துண்டாகத் திருத்த முடியாது.

அடுத்து, யாருக்கு எப்போது தெரியும் என்ற கேள்வி. 2009 செப்டம்பரில் நீங்கள் ரெனோவுக்கு விதித்தது இரண்டாண்டு நிறுத்திவைக்கப்பட்ட தகுதிநீக்கம். அதாவது அந்த அணி ஒரு பந்தயத்தைக்கூட இழக்கவில்லை. சதியில் பங்கிருந்த அணித்தலைவர் ஃபிளாவியோ பிரியாட்டோரேக்குக் காலவரையற்ற தடை, அணியின் பொறியியல் தலைவர் பேட் சைமண்ட்ஸுக்கு ஐந்தாண்டுத் தடை. 2010 ஜனவரியிலேயே பிரெஞ்சு நீதிமன்றம் அந்தத் தடைகளை நீக்கியது. ஏப்ரலில் நீங்கள் சமரசம் செய்துகொண்டீர்கள். எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். சைமண்ட்ஸ் பின்னாளில் ஃபார்முலா 1 நிர்வாகத்திலேயே தொழில்நுட்பத் தலைமைப் பொறுப்பில் இருந்து, 2022ஆம் ஆண்டுக் கார்களின் விதிகளை உருவாக்கியதில் பங்கேற்றார். பிரியாட்டோரே 2024இல் ஆல்பைன் அணிக்கு, அதாவது பழைய ரெனோ அணிக்கே, ஆலோசகராகத் திரும்பினார். பிக்கே 2015இல் ஃபார்முலா இ தொடரின் முதல் சாம்பியன் ஆனார். தண்டனை அனுபவித்தவர்கள் மறுவாழ்வு பெறுவதை நான் குறை சொல்லவில்லை. அந்த இரவால் இழந்ததைத் திரும்பப் பெறாத ஒருவர் இருக்கிறார், மாஸா. 2009 ஹங்கேரியில் முன்னால் போன காரிலிருந்து கழன்று வந்த சுருள்வில் அவர் தலைக்கவசத்தைத் தாக்கியது. அதிலிருந்து மீண்டு வந்து பல ஆண்டுகள் ஓட்டினார். ஆனால் இன்டர்லாகோஸுக்குப் பிறகு அவர் ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை.

2023 மார்ச்சில், 2008இல் ஃபார்முலா 1 வணிக நிர்வாகத்தின் தலைவராக இருந்த பெர்னி எக்லெஸ்டன் ஒரு ஜெர்மன் ஊடகத்துக்குப் பேட்டி கொடுத்தார். தனக்கும் அன்றைய உங்கள் தலைவர் மேக்ஸ் மோஸ்லிக்கும் 2008 பருவத்திலேயே விஷயம் தெரியும், விளையாட்டின் பெயர் கெடாமல் இருக்க அப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் விட்டோம் என்ற பொருளில் பேசினார். விதிப்படி சிங்கப்பூர் பந்தயத்தை ரத்து செய்திருக்க வேண்டும் என்றும், ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழா முடிந்தபின் பட்டியலைத் தொட முடியாது என்ற விதி இருந்தது என்றும் அதே பேட்டியில் சொன்னார். பிறகு அப்படிப் பேசியது நினைவில்லை என்று விலகிக்கொண்டார். எது உண்மை என்பதை விசாரணை சொல்லட்டும். மோஸ்லி 2021இல் காலமானார். அன்றைய பந்தய இயக்குநர் சார்லி வைட்டிங் 2019இல் காலமானார். இனிச் சாட்சி சொல்ல மிஞ்சியிருப்பவை உங்கள் அலுவலகக் கோப்புகள்தான். விழா முடியும்வரை ஒருவர் பேசாமல் இருந்தால் எந்த மோசடியும் நிரந்தரமாகிவிடும் என்றால், அந்த விதி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவருக்கே துணைபோகிறது.

முடிவைத் தொடும் வழக்கம் உங்களுக்கு இல்லாமல் இல்லை. 1984இல் டிரெல் அணியை அந்த ஆண்டுப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். 1997இல் ஹெரெஸில் ஜாக் வில்நவ் மீது காரை மோதிய மைக்கேல் ஷூமேக்கரைச் சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்தே அகற்றினீர்கள். 2007இல் உளவுத் தகவல் விவகாரத்துக்காக மெக்லாரனின் அணிப்புள்ளிகள் அனைத்தையும் பறித்து, பத்துக் கோடி டாலர் அபராதமும் விதித்தீர்கள். 2008லேயே, சிங்கப்பூருக்கு மூன்று வாரத்துக்கு முன் பெல்ஜியத்தின் ஸ்பாவில், தடத்துக்கு வெளியே போய் ஆதாயம் பெற்றார் என்று ஹாமில்டனுக்கு 25 நொடி தண்டனை கொடுத்து, அவருடைய வெற்றியை அன்றே மாஸாவிடம் கொடுத்தீர்கள். ஒரு வளைவைக் குறுக்கே கடந்ததற்கு அன்றைக்கே முடிவு மாறியது. ஒரு பந்தயத்தையே விலைபேசியதற்கு இன்றுவரை மாறவில்லை.

காலம் கடந்தது என்பதும் மற்ற விளையாட்டுகளில் செல்லாத வாதம். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999இலிருந்து 2005வரை வென்ற ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் 2012இல் நீக்கப்பட்டன. அந்த இடங்களை வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே விட்டார்கள். 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் இணையர் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில் ஒரு நடுவர் தனக்கு அழுத்தம் இருந்ததாகச் சொன்னபோது, ஒலிம்பிக் குழு ரஷ்ய இணையரின் தங்கத்தைப் பறிக்கவில்லை. கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெல்லட்டியே இணைக்கு இன்னொரு தங்கம் கொடுத்தது. ரஷ்ய இணையர் தவறு செய்யவில்லை, கனடா இணையரும் தவறு செய்யவில்லை. தவறு நடுவில் நடந்தது. 2008க்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றைத் திறந்தால் எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கும். 2021 பட்டம் ஹாமில்டனிடமிருந்து கைநழுவிய அபுதாபிப் பந்தயம் அவர் ரசிகர்களுக்கு ஆறாத புண், எனக்கும்தான். ஆனால் அங்கே நடந்தது விதியைக் கையாண்டதில் நேர்ந்த மனிதப் பிழை என்று உங்கள் 2022 அறிக்கை சொன்னது. நடுவரின் பிழையும் போட்டியாளரின் சதியும் ஒன்றல்ல. செய்தவரே ஒப்புக்கொண்டு, உங்கள் மன்றமே உறுதிசெய்த சதி என்று அளவுகோல் வைத்தால் திறக்க வேண்டியிருப்பது இந்த ஒரு கோப்புதான்.

இதை ஒரு சிங்கப்பூர்க்காரன் கேட்பது எளிதல்ல. நான் நீக்கச் சொல்வது என் ஊரின் முதல் ஃபார்முலா 1 முடிவை. எங்களுடைய இரண்டாவது பந்தயத்துக்கு ஆறு நாள் இருக்கும்போதுதான் உங்கள் தீர்ப்பு வந்தது. ஊரே அந்த வாரம் கொண்டாட்டத்துக்குப் பதில் இதைத்தான் பேசியது. அந்தப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த அலோன்சோ தன் இடத்தைப் பிரியாட்டோரேக்கு அர்ப்பணித்தார். அரங்கிலிருந்து வீட்டுக்கு எம்ஆர்டி ரயிலில் திரும்பியபோது பக்கத்தில் நின்றவர்கள், எங்களை யாரும் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று பேசிக்கொண்டு வந்தது இன்னும் காதில் இருக்கிறது. 2023இல் தடத்தை மாற்றியபோது பதினாறிலிருந்து பத்தொன்பதுவரை இருந்த வளைவுகள் போய் நேர்ப்பாதை வந்துவிட்டது. பதினேழாம் வளைவு இப்போது தரையிலேயே இல்லை. உங்கள் முடிவுப் பட்டியலில் மட்டும் அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

திரு. பென் சுலாயெம், நீங்கள் வெளியிலிருந்து வந்த நிர்வாகி அல்ல; மத்திய கிழக்கு ரேலிப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். ஒரு பட்டத்துக்கு ஓட்டுநர் என்ன விலை கொடுக்கிறார் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2008இலும் 2009இலும் அந்த நாற்காலியில் இருந்தவர் நீங்கள் இல்லை. முன்னோர் செய்ததைக் காக்கும் கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

நான் கேட்பவை இவை. 2008 சிங்கப்பூர் கிராண்ட் பிரீயின் முடிவை, நிரூபணமான மோசடியின் காரணமாகச் செல்லாதது என்று உலக மன்றம் தீர்மானமாக நிறைவேற்றி, அதிகாரபூர்வப் பட்டியலில் அந்தப் பந்தயத்தின் பக்கத்திலேயே அதை எழுத வேண்டும். ராஸ்பர்க் போல நேர்மையாக ஓட்டியவர்களின் பெயர்கள் அங்கே இருக்கட்டும். சாம்பியன்ஷிப் புள்ளி மட்டும் வேண்டாம்.

ஹாமில்டனின் 2008 பட்டத்தைத் தொடாமல், ஃபிலிப்பே மாஸாவையும் 2008 உலகச் சாம்பியனாக அறிவியுங்கள். கோப்பையில் இரண்டு பெயர் இருப்பதால் எந்தப் பெயரும் சிறுக்காது. லண்டன் வழக்கு எப்படி முடிந்தாலும் இதைச் செய்ய உங்களுக்குத் தடை இருக்கக் கூடாது; விதியில் இடம் இல்லையென்றால் பொதுச்சபையில் விதியைத் திருத்துங்கள்.

2008 செப்டம்பரிலிருந்து 2009 செப்டம்பர்வரை இந்தப் பந்தயம் குறித்து உங்கள் தலைவர் அலுவலகத்துக்கும் பந்தய இயக்குநருக்கும் ஃபார்முலா 1 வணிக நிர்வாகத்துக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை வெளியிடுங்கள். நீதிமன்றம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்க வேண்டாம். யாருக்கும் எதுவும் தெரியாது என்றால் அந்தக் கோப்புகளே உங்களைக் காப்பாற்றும்.

போட்டியாளர் திட்டமிட்டு முடிவைக் கெடுத்தது நிரூபணமானால், பரிசளிப்பு விழாவோ வேறு எந்தக் கெடுவோ தடையாகாமல் மறுஆய்வு செய்யலாம் என்று சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பில் ஒரு பிரிவைச் சேருங்கள். அப்படியொரு சதி பற்றித் தகவல் கிடைத்த அதிகாரி குறிப்பிட்ட நாள்களுக்குள் எழுத்தில் பதிவுசெய்து விசாரணையைத் தொடங்க வேண்டும் என்றும், மறைத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம் என்றும் அதில் எழுதுங்கள்.

கடைசியாக, அந்த இரவு மரினா பே தடத்தில் பணியிலிருந்த தொண்டூழியர்களுக்கும் அரங்குகளில் இருந்த எங்களுக்கும், எஃப்ஐஏயின் பெயரில், எழுத்தில், வருத்தம் தெரிவியுங்கள். உங்கள் தீர்ப்பில் எங்கள் உயிரைக் குறிப்பிட்டீர்கள். அடுத்த சிங்கப்பூர் பந்தய வாரத்துக்கு முன் எங்களிடம் நேராகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பந்தய ரசிகன் ஒருவன்
சிங்கப்பூர்